பெறலாம், இடக் கூடாது

கஜேந்தினிக்கு அந்த உத்தியோகம் அவளுடைய திறமையால் கிடைத்ததென்று அவளுடைய தாயார் நெடுங்கேணிச் சந்தை முழுவதும் சொல்லித் திரிந்தார். உண்மையில் அது ஒரேயொரு வசனத்துக்காகக் கிடைத்தது. நேர்முகப் பரீட்சையில் பணிப்பாளர் யோகநாதன், "பிள்ளை, நீர் ஒரு மென்பொருள் எழுதினால், அதுக்குள்ள கிடக்கிற விவசாயியின்ர விபரத்தை ஆர் ஆர் தொடலாம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் தொடக் கூடாது, சேர்" என்றாள் கஜேந்தினி.

யோகநாதன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அரச சேவையிலேயே தலை நரைத்த மனிதர் அவர். இத்தனை காலமும் தன் மனதில் கிடந்த கொள்கையை ஒரு சின்னப் பெட்டை ஒரு வரியில் சொல்லிவிட்டாளே என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். மற்றக் கேள்விகளை அவர் கேட்கவே இல்லை.

அப்படித்தான் அவள் வன்னி எண்ணிம நீர்ப்பங்கீட்டு அதிகாரசபையின் மென்பொருள் உத்தியோகத்தர் ஆனாள். கிளிநொச்சியில் கண்ணாடி பதித்த ஒரு மாடிக் கட்டடம் அது. ஸ்கந்தபுரம் பக்கத்துக் குளம் ஒன்றின் வாய்க்கால்களுக்கெல்லாம் மோட்டர் பூட்டிய துருசுக் கதவுகள் போட்டிருந்தார்கள். மழை குறைந்த சிறுபோகத்தில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதைக் கணினி தீர்மானிக்கும்; கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும். அந்தக் கணினிக்கு எழுதிக் கொடுப்பதுதான் கஜேந்தினியின் வேலை.

மென்பொருளில் ஒவ்வொரு விவசாயியும் 'விவசாயி' என்ற வகுப்பைச் சேர்ந்தவர். அவருடைய பெயர், வயல், வாய்க்கால் எல்லாம் அவருடைய பண்புகள். ஆயிரம் பேருக்குள் அவரைத் தேடிப் பிடிக்க உதவும் இலக்கத்துக்குச் சுட்டி என்று பெயர். இதெல்லாம் கணினிக்காரர்கள் உலகம் முழுவதும் வைத்திருக்கும் சாதாரண ஏற்பாடுதான். ஆனால் தமிழில் 'பண்பு' என்ற சொல் வந்து சேர்ந்ததும் யோகநாதனுக்கு அதில் ஒழுக்கம் தெரிந்தது. உடனே பண்புக் குழு என்று ஒன்றை அமைத்து, அதற்குத் தானே தலைவரானார்.

பண்புக்கு இரண்டு வாசல்கள் உண்டு. உள்ளே இருப்பதை எடுத்துக் காட்டுவது 'பெறு'. புதிதாக ஒன்றை உள்ளே வைப்பது 'இடு'. குழுவின் முதலாவது கூட்டத்தில் யோகநாதன் எழுந்து பேசினார்.

"பெறு திறந்திருக்கட்டும். இடு பூட்டியிருக்கட்டும். அரச நிறுவனம் எண்டால் பெறவேணும், இடக் கூடாது. அதுதான் நிருவாகம். பண்பில்லாத ஒரு வகுப்பையும் நான் இந்தச் சபைக்குள்ள அனுமதிக்க மாட்டன்."

எல்லோரும் கைதட்டினார்கள். கஜேந்தினி மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினாள். அதோடு நிற்காமல் எழுந்து, பெறு என்ற வாசலும் அசலைக் காட்டக் கூடாது, பிரதியைத்தான் காட்டவேண்டும் என்று ஒரு யோசனை சொன்னாள். "அசலைக் காட்டினால் ஆராவது கிள்ளிப் போடுவினம், சேர்." யோகநாதன் கண்களை மூடிக்கொண்டு தலையாட்டினார். பாட்டுக் கச்சேரியில்தான் மனிதர்கள் அப்படித் தலையாட்டுவார்கள். அன்றைக்குப் பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, இந்த நாட்டில் தன்னைப்போல நாலு பேர் இருந்தால் போதும் என்று கஜேந்தினி நினைத்தாள்.

சிறுபோகம் தொடங்கியது. பேச்சியம்மா வந்தார்.

ஸ்கந்தபுரத்தில் வயல் செய்பவர் பேச்சியம்மா. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு வன்னிக்கு ஓடிவந்தவர். காட்டை வெட்டி, பாம்பை அடித்து, அந்த நிலத்தை வயலாக்கிய குடும்பம். அவருடைய வாயில் தோட்டத்துப் பேச்சும் வன்னிப் பேச்சும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன.

"புள்ள, என்ட வயலு எட்டாம் வாய்க்கால்ல கெடக்கு. ஒங்கட கம்பியூட்டர்ல மூணுன்னு போட்டிருக்காம். எனக்கு வரவேண்டிய தண்ணி மூணுல போகுது. அந்த ஒரு இலக்கத்த மாத்தி விட்டீங்கன்னா நான் மத்தியான பஸ்ஸப் புடிச்சிடுவேன்."

யாரோ பதியும்போது எட்டின் இடப்பக்கம் அழிந்து மூன்றாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். கஜேந்தினி சிரித்துக்கொண்டே, "அது சின்ன வேலை, அம்மா. அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்றாள்.

பேச்சியம்மா இலக்கங்களைச் சொல்லி, கடைசியில் இருந்த ஆங்கில எழுத்தையும் விடாமல் "வீ" என்றார்.

"வீயை விடுங்கோ."

"அத எப்புடி விடுறது? அதுவும் அட்டையில இருக்கே."

"சுட்டி இலக்கத்தை மட்டுந்தான் ஏற்கும், அம்மா. எழுத்து ஏலாது. குழுவின்ர தீர்மானம்."

பேச்சியம்மா தன் அடையாள அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, வீயை விட்டுக்கொடுத்தார். திரையில் அவருடைய பெயர் வந்தது. கஜேந்தினி மூன்றை அழித்து எட்டு என்று அடித்தாள். 'வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. பேச்சியம்மா குனிந்து, விரலால் அந்த எட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருப்பீங்க, புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் கஜேந்தினிக்கு மனம் நிறைந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் உப்புக் குறைந்திருந்தது கூடத் தெரியவில்லை.

அடுத்த கிழமை பேச்சியம்மா மறுபடியும் வந்தார். கையில் ஒரு பை. பைக்குள்ளிருந்து வேரோடு பிடுங்கிய நெல்லுப் பயிர் ஒரு பிடியை எடுத்து மேசையில் வைத்தார். நுனியெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது.

"தண்ணி வரல்ல."

கஜேந்தினி பார்த்தாள். திரையில் மூன்று என்றிருந்தது. ஏதோ தவறுதலாக இருக்கும் என்று மறுபடியும் எட்டு என்று மாற்றினாள். மறுபடியும் பச்சை எழுத்தில் வெற்றி. பேச்சியம்மா இந்தமுறை திரையைத் தொடவில்லை. கஜேந்தினியின் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு போனார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் கஜேந்தினி பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்த்தாள். மூன்று.

அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தான் எழுதியதைத் தானே முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். வாசிக்க வாசிக்க விளங்கியது. பெறு என்ற வாசல் அவளுக்குத் தருவது பிரதி. அவள் எட்டு என்று திருத்தியதெல்லாம் அந்தப் பிரதியில். மென்பொருள் அந்தத் திருத்திய பிரதியை மரியாதையாகக் கையில் வாங்கி, வெற்றி என்று சொல்லிவிட்டு, எறிந்துவிடுகிறது. அசல், யார் கையும் படாமல், மூன்று என்றே பத்திரமாக இருக்கிறது. எவராலும் கிள்ள முடியாது. அந்தப் பச்சை எழுத்து வெற்றியும் அவள் போட்டதுதான். விவசாயிகள் மனமுடைந்து போகக் கூடாது என்று குழு கேட்டபோது அவளே ஆசையோடு செய்துகொடுத்தது.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கும்போது இன்னொருவர் வந்தார். முழங்கால் வரை சேறு. பெயர் மயில்வாகனம். அவருடைய தகப்பன் காலத்தில் குடாநாட்டிலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த குடும்பம். வயல் மூன்றாம் வாய்க்காலில்.

"தங்கச்சி, எனக்கு வாறது ரெண்டு பேற்ற தண்ணி. வயல் குளமாப் போச்சு. பயிர் அழுகுது. பாதியை நிப்பாட்டுங்கோ."

"கீழ் மாடியில ஒருத்தரும் முறைப்பாடு எடுக்கேல்லையே, ஐயா?"

"எடுக்க மாட்டினமாம். தண்ணி வரேல்லை எண்டால்தான் முறைப்பாடாம். வந்தால் நன்றிக் கடிதம் தரச்சொல்லிக் கேக்கினம்."

அதன் பிறகு பேச்சியம்மாவும் மயில்வாகனமும் அடிக்கடி வந்தார்கள். அதிகாரசபையின் வாசலில் கிடந்த மர வாங்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருடைய பயிர் காய்கிறது, மற்றவருடையது அழுகுகிறது. இருவருக்கும் இடையே சண்டை இல்லை. ஒரு நாள் மயில்வாகனம் தன் வெற்றிலைப் பையை நீட்ட, பேச்சியம்மா எடுத்துக்கொண்டு, "ஒங்களுக்கு வர்றத ஒரு வாளியில அள்ளியாந்து தாங்களேன்" என்றார். இருவரும் சிரித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கஜேந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் யோகநாதனிடம் போனாள்.

"சேர், இடு எண்ட வாசலை ஒருக்காத் திறக்கவேணும். ஒரு இலக்கம் மாத்திறதுக்கு."

யோகநாதன் அவளை வருத்தத்தோடு பார்த்தார். "பிள்ளை, ஒருத்தரும் தொடக் கூடாது எண்டு சொன்னது நீர்தானே?"

"ஓம், சேர்."

"அந்த வசனத்தை நான் கொழும்பிலயும் சொல்லிப் போட்டன். எழுந்து நிண்டு கைதட்டினவை. இப்ப ஒரு வாய்க்காலுக்காக அதைத் திருப்பி எடுக்கிறதோ?"

பண்புக் குழு கூடியது. வடையும் தேநீரும் வந்தன. பேச்சியம்மாவின் பிரச்சினை நிகழ்ச்சிநிரலில் 'பண்பு தொடர்பான கோரிக்கை' என்று இருந்தது. ஒருவர், பேச்சியம்மாவை அழித்துவிட்டு எட்டாம் வாய்க்காலில் புதிதாக ஒரு பேச்சியம்மாவை உண்டாக்கலாம் என்றார். ஆனால் அழிப்பதற்கும் இடு வேண்டும். அழிக்காமல் இன்னொருவரை உண்டாக்கினால், ஒரே சுட்டியில் இரண்டு பேர் இருக்க முடியாது. "அப்ப அவா வேற அடையாள அட்டை எடுத்துக்கொண்டு வரட்டும்" என்றார் அவர். இன்னொருவர், அந்த அம்மா மூன்றாம் வாய்க்காலுக்குக் குடிபெயர்ந்தால் என்ன என்று கேட்டார். "அப்பிடிச் செய்தால் எங்கட தரவு சரியாப் போடும்."

யோகநாதன் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள்.

"நாங்கள் மக்களுக்குச் சேவை செய்ய வந்தவை. மக்களை அலைக்கழிக்கக் கூடாது. அந்த அம்மா இருக்கிற இடத்திலயே இருக்கட்டும். நாங்கள் வாய்க்காலை மாத்துவம்."

ஒருவருக்கும் விளங்கவில்லை.

"எட்டாம் வாய்க்காலுக்கு மூண்டு எண்டு பேர் வையுங்கோ. மூண்டாம் வாய்க்காலுக்கு எட்டு எண்டு வையுங்கோ. எங்கட தரவு பிழையில்லை. உலகம்தான் பிழையாக் கிடக்கு. அதைத் திருத்துவம்."

கைதட்டல் எழுந்தது. கஜேந்தினியும் தட்டினாள். பழக்கதோஷம்.

துருசுக் காவலர் சுதாகரனிடம் பெயின்ற் வாளி கொடுக்கப்பட்டது. மோட்டர் வந்த பிறகு அவருக்குக் காவல் காப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. அவர் உற்சாகமாக இரண்டு வாய்க்கால்களின் சீமெந்துத் தூணிலும் பழைய இலக்கத்தை அழித்துப் புதிய இலக்கத்தை அழகாக எழுதினார். படம் எடுத்து அதிகாரசபையின் முகநூல் பக்கத்தில் போட்டார்கள். அடுத்த முறை தண்ணீர் திறந்தபோது பழைய மூன்றாம் வாய்க்காலில்தான் பாய்ந்தது. மோட்டர்களுக்கு வாசிக்கத் தெரியாது.

மயில்வாகனம் வந்தார். இந்தமுறை இடுப்பு வரை சேறு.

"தங்கச்சி, இவ்வளவு நாளும் மூண்டில தாழ்ந்தன். இப்ப எட்டில தாழுறன்."

அன்றைக்குக் கஜேந்தினி வீட்டுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டாள். தவறவிட்டதே நல்லதாயிற்று. பஸ் நிலையத்துப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம் முழுக்க ரியூசன் விளம்பரங்கள் தொங்கின. பள்ளிக்கூட வகுப்பில் நடக்காத பாடத்தையெல்லாம் அங்கே நடத்துவதாகப் போட்டிருந்தது. வாத்தியார்மாரின் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குச் சட்டென்று ஒன்று பிடிபட்டது.

இடு என்ற வாசல் வெளியே இருப்பவர்களுக்குத்தான் பூட்டு. வகுப்புக்கு உள்ளே இருப்பவருக்குப் பூட்டு இல்லை. விவசாயி என்ற வகுப்புக்குள்ளேயே ஒரு குட்டி வகுப்பை எழுதி வைத்தால், அது உள்ளே இருந்தபடி பிரதியை எடுத்து, எட்டு என்று திருத்தி, திருத்தியதை முழுசாகத் திரும்ப அசலின் இடத்தில் வைத்துவிடும். அந்தக் குட்டி வகுப்புக்கு அவள் 'ரியூசன்' என்று பெயர் வைத்தாள்.

இன்னொரு தடையும் இருந்தது. விவசாயியை அடையாள அட்டை இலக்கத்தால் மட்டுமே தேடலாம். திருத்தியவர் சரியான வாய்க்காலில் இருக்கிறாரா என்று பார்க்க, வாய்க்கால் இலக்கத்தாலும் தேட இன்னொரு சுட்டி வேண்டும். ஆனால் இரண்டும் இலக்கம். எந்த இலக்கம் எது என்று கணினிக்குப் பிரித்தறியத் தெரியாததால் இரண்டாவது சுட்டியை அது ஏற்க மறுத்தது. கஜேந்தினி யோசித்தாள். அடையாள அட்டை இலக்கமாகவே இருக்கட்டும். வாய்க்காலை எழுத்தில் கேட்போம். 8 என்று அடிக்காமல் 'எட்டு' என்று அடித்தாள். கணினி ஒரு சத்தமும் போடாமல் ஏற்றுக்கொண்டது. இலக்கத்தைச் சொல்லில் எழுதிவிட்டு, உலகத்தையே ஏமாற்றியவள்போலத் தனியே இருந்து சிரித்தாள்.

சோதனைக் கணினியில் ஓடவிட்டாள். எட்டு என்று மாறியது. மூடித் திறந்தாள். எட்டாகவே இருந்தது.

யோகநாதன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "வேலை செய்யுதோ?"

"ஓம், சேர்."

"அப்ப ஆபத்து." அவர் கதவைச் சாத்தினார். "வேலை செய்யாத மென்பொருளுக்கு ஆரும் விளக்கம் கேக்க மாட்டினம், பிள்ளை. செய்யிறதுக்குத்தான் கேப்பினம். விழா முடியட்டும். பிறகு இதுக்கு ஒரு உப குழு போடுவம்."

விழா என்றது விருது விழாவை. சிறந்த எண்ணிம சேவைக்கான விருது அதிகாரசபைக்குக் கிடைத்திருந்தது. அதைக் கொடுக்கக் கொழும்பிலிருந்து பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வருகிறார். விழாவைக் கந்தோர்க் கட்டடத்தில் வைக்காமல் வாய்க்கால் கரையிலேயே வைத்தால் படம் நன்றாக வரும் என்று முடிவானது. வெறும் காணி ஏதாவது இருக்கிறதா என்று மென்பொருளிடம் கேட்டார்கள். எட்டாம் வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் ஒரு துண்டு நிலம் இருப்பதாகவும், அது ஒருவருடைய வயலும் இல்லை என்றும் அது சொன்னது. மென்பொருளின் எட்டு பழைய எட்டுத்தான்.

பந்தல்காரர் பேச்சியம்மாவின் மேல் வயலில் கம்பு நட்டார்கள். தண்ணீர் காணாமல் வெடித்துக் கிடந்த வயல் அது. பயிர் முழுவதும் கருகிவிட்டது. பள்ளத்தில் இருந்த அவருடைய மற்ற வயல்களில் மட்டும் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. பேச்சியம்மா வந்து கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது என்ட வயலு."

மேற்பார்வைக்கு வந்திருந்த உத்தியோகத்தர் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார். "இந்த இடத்தில வயல் இல்லை, அம்மா."

"அப்ப நான் நிக்கிறது எதுல?"

அவர் மறுபடியும் கைபேசியைப் பார்த்தார்.

விழா நாளன்று வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள் வரிசையாக இருந்தன. கஜேந்தினி சேலை கட்டி, மடிக்கணினியோடு மேடை ஓரத்தில் நின்றாள். பிரதம விருந்தினர் ஒரு பொத்தானை அழுத்துவார், துருசு திறக்கும், தண்ணீர் பாயும், எல்லோரும் கைதட்டுவார்கள். அதுதான் செயல்முறை விளக்கம். அன்றைய முறைப்படி திறக்கவேண்டியது பேச்சியம்மாவுக்கான தண்ணீர். அது போய்ச் சேரப்போவது, வழக்கம்போல, பழைய மூன்றாம் வாய்க்கால் வழியாக மயில்வாகனத்தின் வயலுக்கு.

மயில்வாகனம் கூட்டத்தின் ஓரமாக வந்து, குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, இண்டைக்கும் எனக்குத்தானோ?" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால், பந்தலுக்கு வெளியே வெயிலில், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பேச்சியம்மா நின்றார். அவர் கஜேந்தினியைப் பார்க்கவில்லை. தன் வயலில் போட்டிருந்த சிவப்புக் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடையில் யோகநாதன் பேசிக்கொண்டிருந்தார். "எங்கட மென்பொருளில ஒரு பிழையும் இல்லை. ஏனெண்டால் பிழையைத் திருத்த ஒருத்தராலயும் ஏலாது. திருத்த ஏலாததுக்குப் பேர்தான் சரி."

கஜேந்தினி கணினியைத் திறந்து, அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ரியூசனைக் கொண்டுபோய் வைத்தாள். வாய்க்காலில் தண்ணீர் மெல்ல வரும், முன்வரிசையின் சப்பாத்து நுனி நனையும், தான் தலை நிமிர்ந்து உண்மையைச் சொல்வேன், நாளைக்குப் பத்திரிகையில் வரும் என்றெல்லாம் நினைத்தாள். தலைப்பைக்கூட யோசித்து வைத்துவிட்டாள்.

பிரதம விருந்தினர் பொத்தானை அழுத்தினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேட்டில் மோட்டர் உறுமியது. கதவு உயர்ந்தது. பாதியில் நிற்கவேண்டிய கதவு நிற்காமல் மேலே மேலே போனது. அப்போதுதான் கஜேந்தினிக்கு ஞாபகம் வந்தது. ஒரு விவசாயிக்குத் தவறிப்போன முறைகள் ஏதும் இருந்தால், அவ்வளவு தண்ணீரையும் சேர்த்து ஒரேயடியாகக் கொடுக்கவேண்டும் என்று வேலைக்கு வந்த புதிதில் அவள் எழுதியிருந்தாள். ஒருவருக்கும் அநியாயம் நடக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதியது. பேச்சியம்மா எட்டாம் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்ததும், போகம் தொடங்கிய நாளிலிருந்து அந்த வாய்க்காலில் அவருக்கு வராத தண்ணீர் முழுவதையும் மென்பொருள் கணக்குப் பார்த்து அனுப்பிவிட்டது.

தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தது. சிவப்புக் கம்பளம் மிதந்து எழும்பியது. முன்வரிசையில் இருந்தவர்கள் கதிரைகளில் ஏறி நின்றார்கள். அலங்காரச் செடிச் சாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையைச் சுற்றி வந்தன. யோகநாதன் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஒலிவாங்கியை விடாமல் பிடித்திருந்தார். "தயவுசெய்து பண்போட இருங்கோ!" என்றார். பிறகு திரும்பி, "கஜேந்தினி! தண்ணியை நிப்பாட்டும்!" என்று கத்தினார்.

கஜேந்தினி விசைகளைத் தட்டினாள். மூடு என்று கட்டளை கொடுத்தாள். 'வெற்றிகரமாக மூடப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. ரியூசனில் அவள் வாய்க்காலை மாற்றத்தான் எழுதியிருந்தாள். கதவை மூட எழுதியிருக்கவில்லை. மூடப்பட்டதும் ஒரு பிரதிக் கதவு.

"சேர், ஏலாது" என்றாள். அழுகை வந்தது.

அப்போது பேச்சியம்மா தண்ணீருக்குள் இறங்கி வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று ஒரு கணம் நினைத்த தன் மடத்தனத்தைக் கஜேந்தினி பின்னாளில் பலமுறை நினைத்து வெட்கப்பட்டாள்.

"ஏ புள்ள, ஒனக்கு மூள இருக்கா? இம்புட்டுத் தண்ணியையும் ஒரே நாள்ல விட்டா கீழ இருக்கிற பயிரும் அடிச்சிக்கிட்டுப் போயிடாதா? அந்தப் பெட்டியக் கீழ வச்சிட்டு மேட்டுக்கு ஓடு! கதவ எறக்குற கைச் சில்லு இருக்கு. போ!"

கஜேந்தினி மடிக்கணினியைப் பார்த்தாள். வைப்பதற்கு இடம் இல்லை. மயில்வாகனம் கையை நீட்டி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். மேட்டில் சுதாகரன் சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கையால் எவரும் தொடக் கூடாது என்று அதிகாரசபைதான் அந்தச் சில்லுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பூட்டுத் திறந்தது, சில்லு அசையவில்லை. இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். துரு உரிந்து உள்ளங்கையில் ஒட்டியது. ஒரு முனகல் கேட்டது. கதவு ஒரு விரலளவு இறங்கியது. கஜேந்தினி பிடித்த பிடியை விடவில்லை. இன்னொரு சுற்று. வாய்க்காலில் தண்ணீரின் சத்தம் மாறியது. அவள் சுற்றச் சுற்றத் தண்ணீர் தணிந்தது. அவள் கையும் தண்ணீரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டன. நடுவில் ஒரு வாசலும் இல்லை. கை எரிந்தாலும் அவளுக்கு அதுபோல ஒரு சந்தோசம் பல நாளாக இருந்ததில்லை.

கீழே பேச்சியம்மா மண்வெட்டியால் வரம்பை வெட்டி வெட்டித் தண்ணீரைப் பள்ளத்து வயல்களுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். மேட்டைப் பார்த்துக் கத்தினார்.

"முழுசா மூடிடாத! இன்னுங் கொஞ்சம் எறக்கு... இன்னும்... போதும் புள்ள, போதும்!"

கஜேந்தினி நிறுத்தினாள்.

மேல் வயல் போனது போனதுதான். கீழ் வயல்கள் பிழைத்தன. மயில்வாகனத்தின் வயலில் தேங்கிய தண்ணீரும் மெல்ல மெல்ல வடிந்து வந்தது. பிரதம விருந்தினர், நனைந்த காலுறைகளோடு, ஒரு கதிரைமேல் நின்றபடியே விருதைக் கொடுத்தார். மக்களின் காலடிக்கே சேவையைக் கொண்டுவந்து சேர்த்ததற்காக என்று அவர் சொன்னபோது கேலி செய்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. யோகநாதன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, சட்டமிட்டு வாசலில் மாட்டினார்.

போகம் முடிந்து நெல்லும் அறுத்தாயிற்று. கையால் இறக்கியது கணினிக்குத் தெரியாததால் எட்டாம் துருசு திரையில் இன்றைக்கும் திறந்தபடிதான் இருக்கிறது. அந்தத் திரையில் தண்ணீர் இரவும் பகலும் பாய்ந்துகொண்டிருக்கிறது. அதை மூடுவது பண்புக்கு உகந்ததா என்று ஆராய ஓர் உப குழு கூடுகிறது. அதன் செயலாளர் கஜேந்தினி. கூட்டமில்லாத நாட்களில் அவள் ஸ்கந்தபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய், சுதாகரனோடு சேர்ந்து சில்லுக்குக் கிறீஸ் பூசிவிட்டு வருகிறாள்.